தொகுப்பவனும் மேய்ப்பனும்

குழந்தைகள் கையில் வைத்து விளையாடும் மின்னணு விளையாட்டு ஒன்றை இலக்கிய இதழில் திறனாய்வு செய்யலாமா என்று வாசகர் வினவக்கூடும். அதில் கதை உண்டு, மாந்தர் உண்டு, ஊரும் காடும் கல்லறையும் உண்டு, வாழ்வைப் பற்றிய ஒரு பார்வையும் உண்டு. நம் பிள்ளைகள் ஒரு நூலுக்குக் கொடுக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். அவ்வாறாயின், அது அவர்களுக்கு என்ன கற்பிக்கிறது என்று அமர்ந்து பார்ப்பது பெற்றோரின் கடமை. மேய்ப்புப்பணியில் இருப்பவனின் கடமையும்கூட. அக்கடமையை நான் ஒருமுறை செய்யத் தவறினேன். அத்தவற்றுக்கு ஈடு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

2016ஆம் ஆண்டு ஜூலையில் 'போக்கிமான் கோ' என்னும் கைப்பேசி விளையாட்டு வெளிவந்தது. தெருவில் நடந்து சென்று, திரையில் தோன்றும் கற்பனை உயிரினங்களைப் பிடிப்பதே அவ்விளையாட்டு. அவ்வாண்டு டிசம்பரில் அது முறைப்படி இந்தியாவுக்கும் வந்தது. வழிபாட்டிடங்களும் அதன் வரைபடத்தில் இடம்பெற்றிருந்தமையால் பல இடங்களில் சலசலப்பு எழுந்தது. குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது. எங்கள் ஆலய வளாகத்துக்குள்ளும் சில இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்தபடியே வந்து போனார்கள். அடுத்த ஞாயிறு மறையுரையில் நான் அவர்களைக் கடிந்துகொண்டேன். பொய் விலங்குகளின் பின்னால் ஓடும் தலைமுறை என்று முழங்கியதாக நினைவு. அவ்விளையாட்டை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை.

சில ஆண்டுகள் சென்றன. மறைக்கல்வி வகுப்பொன்றில் அதே கருத்தை மீண்டும் சொன்னபோது, பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "நீங்க அத விளையாடிப் பாத்திருக்கீங்களா ஃபாதர்?" என்று கேட்டான். கேள்வியில் துடுக்கு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். இல்லை என்றேன். மறுநாள் மாலை, வளைகுடா நாட்டில் பணிபுரியும் தன் தந்தை வாங்கி வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியோடு, பாட்டியையும் அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டான். "லீவு முடியற வரைக்கும் வச்சிருங்க ஃபாதர். தப்பா இருந்தா அப்புறம் திட்டுங்க" என்றான். பாட்டியோ, "நீங்களே வச்சிக்கிட்டாலும் சரிதான் சாமி" என்றார்.

அக்கோடையில் நான் விளையாடி முடித்தது, 2018 நவம்பர் 16 அன்று வெளிவந்த 'போக்கிமான் லெட்ஸ் கோ பிக்காச்சு' என்னும் விளையாட்டு. 1998இல் ஜப்பானில் வெளிவந்த பழைய 'மஞ்சள்' பதிப்பின் மறுஆக்கம் அது. ஜுனிச்சி மசுடா என்பவர் இயக்கியது. புதிய மறுஆக்கங்கள் அதன்பின்னும் வந்துள்ளன. எனினும், முதல் விளையாட்டின் உலகையே மீண்டும் கட்டியெழுப்ப முனைந்தது என்பதனாலும், நான் முழுமையாக அறிந்தது அது ஒன்றே என்பதனாலும் அதனையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மச்சிடாவும் சேலையூரும்

மறுஆக்கத்தை மதிப்பிட வேண்டுமாயின் மூலம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய வேண்டும். இவ்விளையாட்டைப் படைத்த சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். அவர் சிறுவனாயிருந்தபோது அங்கு வயல்களும் குளங்களும் மரச்செறிவுகளும் இருந்தன. வண்டு தேடி அலைவதே அவருக்குப் பொழுதுபோக்கு. நகரம் விரிந்தது, குளங்கள் தூர்ந்தன, வயல்களில் வீடுகள் எழுந்தன, வண்டுகள் மறைந்தன. பின்னாளில், 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவிகள் இரண்டை ஒரு கம்பிவடம் இணைப்பதைக் கண்டபோது, அவ்வடத்தின் வழியே ஒரு பூச்சி ஒரு பிள்ளையின் கையிலிருந்து மற்றொரு பிள்ளையின் கைக்கு ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தார். அக்கற்பனை ஏறத்தாழ ஆறாண்டு உழைப்புக்குப் பின் 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக ஜப்பானில் வெளிவந்தது.

இவ்வரலாற்றை அறிந்தபோது எனக்குச் சேலையூரும் செம்பாக்கமும் நினைவுக்கு வந்தன. தாம்பரத்து மின்சார ரயிலிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஏரிக்கரை வந்துவிடும் காலம் அது. நாங்கள் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தோம். கருவேல இலையைக் கிள்ளிப் போட்டு, காலையில் திறந்து பார்த்து, முட்டை இட்டிருக்கிறதா என்று எண்ணி, பள்ளியில் ஒருவருக்கொருவர் காட்டி, சில வேளைகளில் மாற்றிக்கொண்டோம். அக்காலத்தை அருள்நிறைந்த காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவர்களும் நாங்களே. தீப்பெட்டியில் இருந்த பொன்வண்டுகளில் பெரும்பாலானவை தீப்பெட்டியிலேயே செத்தன. சேர்க்கும் ஆசையும் வதைக்கும் கையும் எங்களிடம் ஒன்றாகவே இருந்தன.

இன்று அந்த ஏரிக்கரைகள் பலவற்றில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. தென்சென்னையின் மழைநீரை ஏந்திய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கி, அதன் ஒரு பகுதி பெருங்குடிக் குப்பைமேடாயிற்று. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது, நீர் தன் வழியை மறக்கவில்லை என்பதை நேரில் கண்டோம். ஆறாவது மாடியில் வளரும் பிள்ளை ஒரு வண்டைப் பிடிக்க விரும்பினால் எங்கே போவான்? திரைக்குள் போகிறான். மச்சிடாவில் தஜிரி இழந்ததையே இவனும் இழந்திருக்கிறான், இழந்தது இன்னதென்று அறியாமலே. அவனைக் கண்டிக்கும் முன் இதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூலவிளையாட்டின் அமைப்பிலேயே ஒரு நுட்பம் உண்டு. மொத்தம் 151 உயிரினங்கள். சில சிவப்புப் பதிப்பில் மட்டும் வாழும். சில பச்சையில் மட்டும் வாழும். எனவே எந்தப் பிள்ளையும் தனியாக நிறைவு காண இயலாது. தோழனைத் தேடியே ஆக வேண்டும். இரு பதிப்புகளையும் விற்கும் வணிகத் தந்திரமும் இதில் கலந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நான்கு இனங்கள் பற்றிய விதி என்னை வியக்கவைத்தது. அவை தம் முழு வளர்ச்சியை அடைய வேண்டுமாயின் உரிமையாளன் அவற்றைப் பிறரிடம் கொடுத்துவிட வேண்டும். கையை விட்டுச் சென்றால்தான் அவை நிறைவுறும். மண்ணில் விழும் கோதுமை மணியைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியவன் இதைக் கவனியாமல் இருக்க முடியுமா? மறுஆக்கம் இவ்விதியைக் காத்துக்கொண்டமை பாராட்டுக்குரியது.

இவ்விளையாட்டைச் சமயத் தலைவர்கள் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டில் இத்தாலிய ஆயர்களின் தொலைக்காட்சி அதன் கற்பனைவளத்தைப் பாராட்டியது. 2001இல் சவூதி அரேபியா அதனைத் தடை செய்தது. புகழ்ச்சிக்கும் தடைக்கும் இடையே திறனாய்வுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே நின்று பார்ப்போம்.

நிறைகள்

முதல் நிறை, பார்வை. பழைய விளையாட்டில் புல்வெளியில் நடக்கும்போது உயிரினம் கண்ணுக்குத் தெரியாது. திடீரெனத் திரை மின்னும்; எதிரே விலங்கு நிற்கும்; மோதல் தொடங்கிவிடும். புல் என்றாலே பதுங்கியிருக்கும் தொல்லை என்பதே பிள்ளையின் மனத்தில் பதியும். மறுஆக்கத்தில் அவை கண்முன்னே உலவுகின்றன. புழு ஊர்கிறது, பறவை தத்துகிறது, குகையில் வௌவால் சிறகடிக்கிறது. வேண்டாமென்றால் விலகிப் போகலாம். நின்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம். தொடக்கநூலில் ஆண்டவர் உயிரினங்களை மனிதனிடம் கொண்டுவந்தது அவன் அவற்றுக்குப் பெயரிடுவதற்காக. பெயரிட வேண்டுமாயின் முதலில் பார்க்க வேண்டும். இந்த எளிய உண்மையைப் பழைய விளையாட்டு தவறவிட்டது, புதியது கண்டுகொண்டது.

இரண்டாம் நிறை, தோழமை. பிக்காச்சு என்னும் மஞ்சள் நிறச் சிற்றுயிர் மற்றவற்றைப்போல் பந்துக்குள் அடைபட மறுக்கிறது. 1998இன் பதிப்பில் அது பின்னால் நடந்து வந்தது. இதில் தோளில் ஏறி அமர்கிறது. பிள்ளை அதனைத் தடவிக்கொடுக்கலாம்; பழம் ஊட்டலாம்; தலைமுடியைக் கோதிவிடலாம். அதனிடம் கேட்டுப் பெற வேண்டிய இலாபம் ஒன்றும் அந்நேரத்தில் இல்லை. சாமுவேல் இரண்டாம் நூலில் இறைவாக்கினர் நாத்தான் தாவீதுக்குச் சொன்ன கதையை நினைத்துக்கொண்டேன். செல்வனுக்கு மந்தைகள் பல இருந்தன. ஏழைக்கு ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அது அவன் தட்டில் உண்டு, அவன் மடியில் உறங்கி, அவனுக்கு மகள்போல் இருந்தது. அந்த ஏழையின் பக்கமே விவிலியம் நிற்கிறது. தோளில் அமர்ந்த அந்த ஒன்று, பிள்ளையை ஏழையின் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது.

மூன்றாம் நிறை, இறப்பை மறைக்காமை. கதையின் நடுவே ஓர் ஊர் வருகிறது. அங்கே இறந்துபோன உயிரினங்களின் கல்லறைகள் அடுக்கடுக்காக அமைந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. தாயின் மண்டையோட்டைத் தலையில் அணிந்து அழும் ஒரு குட்டி. அக்குட்டியைக் காக்க முயன்று கயவர்களால் கொல்லப்பட்ட தாய். அமைதி பெறாமல் கோபுரத்தில் உலவும் அதன் ஆவி. ஆதரவற்ற உயிரினங்களைப் பேணும் முதியவர் ஒருவர். பழைய பதிப்பில் சில வரிகளில் முடிந்த இப்பகுதியை மறுஆக்கம் அசையும் காட்சிகளாக விரித்திருக்கிறது. தாயின் ஆவி இறுதியில் அமைதியடைந்து செல்லும் இடத்தில், கருவியைச் சிறிது நேரம் மூடிவைத்தேன். கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுதிரியும் ஏந்தி வரும் பிள்ளைகளுக்கு, இறந்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் இடையே உறவு முறிவதில்லை என்று நாம் கற்பிக்கிறோம். விளையாட்டொன்று அதே வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. விடை சொல்ல அதனால் இயலாது. கேள்வியை அது மறைக்கவில்லை என்பதே பெரிது.

நான்காம் நிறை, கூட்டு. கருவியின் இரு கைப்பிடிகளில் ஒன்றை இன்னொருவர் எடுத்து அசைத்தால், திரையில் இரண்டாவது ஆள் தோன்றித் துணைக்கு வருகிறார். இருவரும் ஒரே கணத்தில் பந்தை எறிந்தால் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்த இரண்டாவது ஆளைப் பற்றி இறுதியில் மீண்டும் பேசுவேன்.

குறைகள்

முதற்குறை, விலை நீங்கிய உறவு. பழைய விளையாட்டில் காட்டு உயிரினத்தைப் பிடிக்க அதனோடு மோதியே ஆக வேண்டும். ஆனால் ஓர் அடி மிகுந்துவிட்டால் அது மயங்கி விழும், பிடிக்க இயலாது. வலிமை உள்ளவன் வலிமையை அடக்கக் கற்க வேண்டியிருந்தது. மோதலில் தன் தோழனும் காயமுற்றது. அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவ இல்லத்துக்கு ஓட வேண்டியிருந்தது. மறுஆக்கத்தில் காட்டு உயிரினங்களோடு, ஒரு சிலவற்றைத் தவிர, மோதலே இல்லை. பழம் கொடுத்து, பந்து எறிந்தால் போதும். வன்முறை குறைந்ததே என்று முதலில் மகிழ்ந்தேன். நாள்பட நாள்பட வேறொன்று தெரிந்தது. அடிபடுவது நின்றபோது ஆபத்தில் இறங்குவதும் நின்றது. எனக்கும் ஒன்றும் நேராது. என் தோழனுக்கும் ஒன்றும் நேராது. கையசைவு ஒன்றால் உயிர் ஒன்று எனதாகிவிடும். நாத்சிகளால் 1945இல் கொல்லப்பட்ட லூத்தரன் போதகர் போன்ஹோஃபர் 'மலிவான அருள்' என்று ஒன்றைச் சுட்டினார். பெறுபவனிடம் எதையும் கேளாத அருள் அவனை மாற்றுவதும் இல்லை என்பது அவர் கருத்தின் சாரம். விளையாட்டைப் பற்றிப் பேச இத்துணைப் பெரிய சொல் வேண்டுமா எனலாம். ஆயினும் பழக்கம் சிறிய இடங்களில்தான் உருவாகிறது.

இரண்டாம் குறை இதனினும் பெரிது; அது மிட்டாய். ஒரே இனத்தை மீண்டும் மீண்டும் பிடிக்கப் பிள்ளை ஊக்கப்படுத்தப்படுகிறான். இடைவிடாமல் 31 முறை அவ்வாறு பிடித்தால் அரிய நிறமுடைய ஒன்று தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. அப்படிச் சேர்ந்த முப்பதையும் நாற்பதையும் என்ன செய்வது? பேராசிரியருக்கு அனுப்பிவிட்டால் அவர் மிட்டாய்கள் தருகிறார். அவற்றைத் தன் விருப்பத்துக்குரிய உயிரினத்துக்கு ஊட்டி வலிமையேற்றலாம். அனுப்பியவை எங்கே சென்றன, என்னவாயின என்று யாரும் கேட்பதில்லை. ஒருபுறம் தோளில் அமர்ந்த ஒன்றுக்குத் தலைவாரிவிடுகிறோம். மறுபுறம் அதன் இனத்தவை நாற்பதை மிட்டாயாக்குகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பிற உயிர்கள் மனிதப் பயன்பாட்டுக்கு அப்பால் தமக்கே உரிய மதிப்பை உடையவை என்று வலியுறுத்தினார். இந்த மிட்டாய்க் கணக்கு அதற்கு நேர் எதிரான பாடத்தை, இனிமையாக, தினமும், புன்னகையோடு புகட்டுகிறது. தீப்பெட்டியில் செத்த பொன்வண்டையாவது நாங்கள் புதைத்தோம்.

மூன்றாம் குறை, தோல்வியைத் தடுக்கும் காவலன். முதல் ஊரின் போட்டிக்கூட வாசலில் ஒருவர் நிற்கிறார். அங்கே வெல்லத் துணைபுரியும் புல்லினத்தையோ நீரினத்தையோ உடன் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவார். பழைய மஞ்சள் பதிப்பில் பிள்ளை பிக்காச்சுவோடு நேரே உள்ளே போவான், பாறைகளிடம் மின்சாரம் பலிக்காது, தோற்பான், வெளியே வந்து யோசிப்பான். அந்தத் தோல்வியே ஆசிரியர். இன்று மதிப்பெண் குறைந்த பிள்ளை வீட்டுக்கு வர அஞ்சும் நம் புறநகர்க் குடும்பங்களில், தோற்று மீளும் பழக்கத்தைவிடத் தேவையான பழக்கம் எது? சிறுவர்களுக்கு வழி காட்டுதல் நன்று. விழவே விடாத வழிகாட்டல், நடக்கவும் விடுவதில்லை.

நான்காம் குறை வணிகம் சார்ந்தது. 151ஆவது உயிரினமாகிய 'மியூ'வின் வரலாறு அழகானது. 1996இல் விளையாட்டு முற்றுப்பெறும் தறுவாயில், கிடைத்த சிறு இடத்தில் ஷிகெகி மொரிமோட்டோ என்னும் பணியாளர் அதனைச் சொல்லாமல் நுழைத்துவிட்டார். பின்னர் ஒரு சிறுவர் இதழ் வழியாகக் குலுக்கலில் 20 பேருக்கு அது வழங்கப்பட்டது. கணக்கில் வராதது; உழைத்துப் பெற முடியாதது; கொடுக்கப்பட்டால் மட்டுமே கிடைப்பது. அருளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எளிய உவமை எனக்குக் கிடைத்ததில்லை. மறுஆக்கத்தில் அதே மியூ, பந்து வடிவிலான ஒரு விளையாட்டுக் கருவியைத் தனியே விலைகொடுத்து வாங்கினால் அதனுள் கிடைக்கும்படி செய்யப்பட்டது. கொடையாய்ப் பிறந்தது கடைச்சரக்காயிற்று. அப்பந்தை வாங்கித்தர இயலாத தந்தையின் பிள்ளைக்கு, தொகுப்பில் ஓர் இடம் எப்போதும் காலியாகவே இருந்தது.

நூறாவது ஆடு

நிறைகளையும் குறைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இம்மறுஆக்கத்துக்குள் இருவர் வாழ்வது புலனாகும். ஒருவன் தொகுப்பவன், மற்றவன் மேய்ப்பன். இருவரும் விடுபட்ட ஒன்றைத் தேடிப் போகிறார்கள். இருவருக்கும் தூக்கம் வருவதில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒருவர்போலவே தோன்றுவர்.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன உவமையில், தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் செல்கிறான் மேய்ப்பன். அவன் நூறு என்னும் எண்ணை நிறைவு செய்யவா போகிறான்? எண்தான் வேண்டுமாயின் சந்தையில் ஓர் ஆடு வாங்கிவிடலாமே! தொலைந்தது தொலைந்தது என்பதற்காகவே போகிறான். கண்டதும் தோளில் சுமந்து வருகிறான். தொகுப்பவனுக்கு விடுபட்டது ஓர் இடம். மேய்ப்பனுக்கு விடுபட்டது ஓர் உயிர். தொகுப்பவன் கிடைத்ததும் அடுத்ததைத் தேடுவான்; மேய்ப்பன் கிடைத்ததும் அண்டை அயலாரை அழைத்து மகிழ்வான். பிக்காச்சுவைத் தோளில் ஏற்றியபோது இம்மறுஆக்கம் மேய்ப்பனின் பக்கம் நின்றது. மிட்டாய்க்காக நாற்பதை அனுப்பச் சொன்னபோது தொகுப்பவனாகிவிட்டது. இரண்டில் எது தன் உண்மை முகம் என்று அதுவே முடிவு செய்யவில்லை. இதுவே என் இறுதி மதிப்பீடு.

கதை முடிந்தபின் வரும் ஒரு பகுதி இதற்குச் சிறு விடை தர முயல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலகெங்கும் சில வல்லுநர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஓர் இனத்தை மட்டுமே பேணி அறிந்தவர். அவரோடு மோத வேண்டுமாயின் அதே இனத்தில் ஒன்றை மட்டும் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் பிடித்துத் திரிந்த பிள்ளை, ஒன்றை முழுமையாக நேசித்தவர்முன் நிற்கிறான். இப்பகுதியை இறுதிக்குத் தள்ளாமல் கதையின் நடுவே வைத்திருக்கலாகாதா என ஏங்கினேன்.

கருவியை மூடிவைத்தபின் குற்றச்சாட்டு என் பக்கம் திரும்பியது. 2018இல், இளையோரை ஈர்க்கும் நன்னோக்கோடு, 'ஃபாலோ ஜேசி கோ' என்னும் கத்தோலிக்கக் கைப்பேசி விளையாட்டு வெளிவந்தது. வினாக்களுக்கு விடையளித்துப் புனிதர்களைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் புனிதர்களும் தொகுப்புக்குரியவர்கள் ஆகிவிட்டால், மிட்டாயிலிருந்து நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம்? ஆண்டுதோறும் பங்கின் அறிக்கையை நிரப்புபவன் நான். குடும்பங்கள் எத்தனை, திருமுழுக்கு எத்தனை, புதுநன்மை எத்தனை, உறுதிபூசுதல் எத்தனை என்று கட்டங்கள் இருக்கின்றன. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேய்ப்பனும் ஆடுகளை எண்ணியதால்தான் ஒன்று குறைவதை அறிந்தான். ஆனால் எண்ணி முடித்தபின் நான் எழுந்து போனேனா, கோப்பை மூடி வைத்தேனா? 2016இல் ஆலய வளாகத்துக்குள் வந்த அந்த இளைஞர்களுள் ஒருவரிடமேனும் நான் பெயர் கேட்டிருக்கவில்லை. அவர்கள் தேடி வந்த விலங்கு பொய்தான். வந்து நின்ற அவர்கள் பொய்யல்லவே!

இரண்டாவது கைப்பிடி

பெற்றோர்க்கு நான் சொல்லக்கூடியது சிறிது. தடை செய்வது எளிது. கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போவது அதனினும் எளிது. இரண்டுமே பிள்ளையைத் தனியே விட்டுவிடும். அருகில் அமருங்கள். எதைப் பிடித்தாய் என்று கேட்பதோடு, எதற்குப் பெயர் வைத்தாய் என்றும் கேளுங்கள். அனுப்பிய நாற்பது எங்கே போயின என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பிள்ளை யோசிப்பான். ஒரு சனிக்கிழமை அவனைப் பள்ளிக்கரணைக்கு அழைத்துச் சென்று, சாலையோரம் நின்று, கூழைக்கடாவையும் நாரையையும் காட்டுங்கள். நன்மங்கலக் காட்டின் விளிம்பும் வண்டலூரும் தொலைவில் இல்லை. அங்கே எறிய நம் கையில் பந்து இராது. பார்த்துவிட்டுத் திரும்புவதே அங்கு விளையாட்டு.

விடுமுறை முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது, சிறுவன் முதலில் என் கணக்கைப் பார்த்தான். 94 இனங்கள் பிடித்திருந்தேன். "இன்னும் அம்பத்தேழு இருக்கே ஃபாதர்" என்று வருந்தினான். போதும் என்றேன். பிறகு, நான் ஏறக்குறையத் தொடாமலே வைத்திருந்த இரண்டாவது கைப்பிடியைத் துணியால் துடைத்து, தனியே ஒரு பையில் போட்டான். அதற்கு ஏன் தனிப் பை என்று கேட்டேன்.

"அது அப்பாவோடது ஃபாதர். டிசம்பர்ல வருவாங்க. அப்ப ரெண்டு பேரும் சேந்து எறிவோம்" என்றான்.

அவ்விளையாட்டின் அமைப்பில் ஒரு குறையை நான் குறித்து வைத்திருந்தேன். இரண்டாவது ஆள் துணைக்கு நடக்கலாம், மோதலில் தோள்கொடுக்கலாம், ஆனால் ஊராரிடம் பேசவோ கதவைத் திறக்கவோ அவரால் முடியாது. அவையெல்லாம் முதல் ஆளுக்கே உரியவை. அக்குறையை மேலே உள்ள பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஆண்டில் ஒரு மாதம் வீடு வரும் தந்தை, மகன் திறக்கும் கதவுகளின் வழியே அவன் பின்னால் நடந்து போவதில் என்ன குறை இருக்கிறது?

அந்த டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குத் தந்தையும் மகனும் சேர்ந்து வந்திருந்தார்கள். பாட்டி நடுவில் அமர்ந்திருந்தார். திருப்பலி முடிந்து குடிலருகே நின்றபோது அத்தந்தையிடம் நான் முதலில் கேட்டது அவருடைய பெயரை.